அத்தாயாவின் ஒற்றை அஞ்சல் பெட்டி

எங்கள் அலுவலகத்தில் யாராவது "அனுப்பியாச்சு" என்று சொல்லிவிட்டால் போதும், ரஃபீக்கா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள். "அனுப்பினது தெரியும். போய்ச் சேர்ந்துச்சா?" என்பாள். எதிர் மேசையில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. ஆனாலும் சொல்கிறேன், ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்றால் அது அவளுக்குத்தான்.

வீட்டிலும் அவள் அப்படித்தான். தலைநகர் தூனிஸில் படிக்கும் மகளுக்கு வாடகை வண்டியில் ஒரு பாட்டில் ஹரிஸ்ஸா மிளகாய் விழுது கொடுத்தனுப்பினால், வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் ஓட்டுநரைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவாள். ஒருமுறை அந்த மனிதர் பொறுமை இழந்து, "மதாம், உங்க ஹரிஸ்ஸா என்னைவிட சௌக்கியமா இருக்கு. என்னைப் பத்தியும் ரெண்டு வார்த்தை விசாரிங்களேன்" என்றாராம். இவள் கொஞ்சமும் அசரவில்லை. விசாரித்துவிட்டு, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னாள்.

கிரெம்தா சாலையில், வறுகடலைக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். பள்ளிகள், மருத்துவமனைகள், பயிற்சி நிலையங்கள் இவற்றுக்கு இணையச் செயலிகள் செய்து தருகிறோம். விண்ணப்பம் வாங்குவது, தேர்வானவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவது, இப்படி. நான் சுக்ரி, விற்கிறவன். வாய் என்னுடையது, வேலை ரஃபீக்காவுடையது. முதலாளி மோன்ஜி நல்ல மனிதர்தான், ஆனால் திரையில் பச்சைப் புள்ளி தெரிந்தால் உலகம் ஒழுங்காகச் சுற்றுகிறது என்று நம்புகிறவர்.

அவள் வருவதற்கு முன்னால் நாங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களின் கதி என்ன என்று யாருக்கும் தெரியாது. அனுப்புநர் இடத்தில் "பதில் அனுப்பாதீர்" என்று ஒரு முகவரி போட்டிருந்தோம். அப்படி ஒரு பெட்டியை யாரும் உண்டாக்கவே இல்லை. முகவரி தவறு என்று திரும்பி வரும் கடிதங்கள் அந்த இல்லாத வாசலில் வந்து நின்றுவிட்டுக் காற்றோடு போய்விடும். "ஒரு புகார்கூட இல்ல பாத்தியா!" என்று மோன்ஜி பெருமைப்படுவார். நானும் அதைச் சொல்லித்தான் விற்றேன்.

ரஃபீக்கா வந்த வாரமே அந்தப் பெட்டியை உண்டாக்கினாள். மறுநாள் காலையில் பெட்டி பிதுங்கி நின்றது. அவள் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் படித்தாள். அப்புறம் செயலியையே மாற்றினாள். வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்தின் உறையிலும் தனித்தனியாகத் திரும்பு முகவரி எழுத வைத்தாள். எது திரும்பி வந்தாலும் அது யாருக்குப் போனது, எந்தக் கடிதம் என்று உடனே தெரிந்துவிடும். திரும்பி வருவதிலும் ரகம் பிரித்தாள். "அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை" என்று வந்தால் அந்த முகவரிக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். இல்லாத வாசலைத் திரும்பத் திரும்பத் தட்டினால் பெரிய அஞ்சல் நிறுவனங்கள் நம்மைக் குப்பை அனுப்புகிறவன் என்று முத்திரை குத்திவிடும், நல்ல கடிதங்களும் குப்பைக்குப் போகும். "இப்போது முடியவில்லை, பெட்டி நிறைந்திருக்கிறது" என்று வந்தால் கதை வேறு. அங்கே ஆள் இருக்கிறார். பொறுத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும்.

இந்த வித்தியாசம் மோன்ஜிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. மகளின் நிச்சயதார்த்தத்துக்காக ரஃபீக்கா ஒரு வாரம் விடுப்பில் போன சமயம் பார்த்து, "சுத்தமா இருக்கட்டும்" என்று அவரே ஒரு விதியைச் செயலியில் சொருகினார். காரணம் எதுவானாலும் சரி, ஒரு முகவரியிலிருந்து மூன்று முறை பதில் திரும்பினால் முகவரி வெட்டு. முதலில் வெட்டுப்பட்டது அவருடைய முகவரிதான். "நான் வெளியூரில் இருக்கிறேன்" என்ற தானியங்கிப் பதிலை வைத்துவிட்டு ஜெர்பா தீவுக்குப் போயிருந்தார். அதையும் திரும்பி வந்த கடிதமாக எண்ணி, சொந்தச் செயலியே அவரைத் தூக்கி எறிந்துவிட்டது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, விதியையும் எடுக்கவில்லை.

விடுப்பு முடிந்து வியாழக்கிழமை காலையில் ரஃபீக்கா வந்தாள். நிச்சயதார்த்தப் பலகாரம் ஒரு டப்பா நிறைய. நான் இரண்டாவதை வாயில் போடுவதற்குள் அவள் முகம் மாறிவிட்டது.

"சுக்ரி, இங்க வா. இந்தச் செவிலியர் பயிற்சி நிலையத்துக்காகத் திங்கக்கிழமை தேர்வானவங்களுக்குக் கடிதம் போச்சே. பதினோரு பேரு இன்னும் உறுதி பண்ணல."

"பிடிக்கலையோ என்னவோ."

"பதினோரு பேருக்கும் ஒரே முகவரி. முதல் மூணு கடிதம் திரும்பிடுச்சு. மீதி எட்டு நம்ம வாசலையே தாண்டல. ஆனா திரையில எல்லாத்துக்கும் பச்சை."

அந்தப் பயிற்சி நிலையத்தின் நிபந்தனை கறாரானது. தேர்வானவர்கள் கடிதத்தில் உள்ள பொத்தானை அழுத்தி, வருகிறேன் என்று உறுதி செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் அழுத்தாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அதாவது மறுநாள்.

மோன்ஜி எட்டிப் பார்த்தார். பார்த்ததும் துள்ளினார். "ஒரே முகவரியிலேருந்து பதினோரு விண்ணப்பமா? மோசடி! எவனோ ஒருத்தன் உக்காந்து பொய்ப் பேருல போட்டிருக்கான். நல்லவேளை, என் விதி பிடிச்சுடுச்சு."

"உங்க விதி ஒண்ணையும் பிடிக்கல முதலாளி. கழுத்தைத்தான் பிடிச்சிருக்கு. திரும்பி வந்ததுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. ஆள் இல்லைன்னா எழுதியிருக்கு? பெட்டி நிறைஞ்சிருக்குன்னு எழுதியிருக்கு. மோசடி பண்றவன் பெட்டி எப்பவும் காலியா இருக்கும்."

பயிற்சி நிலையத்தின் இயக்குநரைக் கூப்பிட்டாள். பெயர்களும் தொலைபேசி எண்களும் அவர்களிடம்தான் இருந்தன. எங்களிடம் விண்ணப்ப எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் மட்டும்தான். வெளி ஆளுக்கு எண் தர விதியில்லை என்று அந்த அம்மாள் மறுத்துவிட்டார். ஒவ்வொருவரும் சொந்த முகவரி தந்திருக்க வேண்டாமா என்று கேட்டார்.

"படிவத்துல 'உங்களுக்குக் கடிதம் வந்து சேரக்கூடிய முகவரி'ன்னுதான் இருக்கு. சொந்தம்னு எங்கயும் இல்ல" என்றாள் ரஃபீக்கா.

"சரி. ஆனா வெள்ளிக்கிழமை நண்பகல்னா நண்பகல்தான், மதாம்."

அந்த முகவரியிலேயே ஊரின் பெயர் இருந்தது. அத்தாயா, துறைமுகம், பப்ளிநெட். கெர்க்கென்னா தீவின் கடைக்கோடி மீனவர் கிராமம். அங்கே காசு கொடுத்து உட்காரும் கணினிக் கடை ஒன்றின் முகவரி அது. ரஃபீக்கா மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். மோன்ஜி என்னைப் பார்த்து, "நீயும் போ. அந்த மோசடிக்காரன் மூஞ்சியை ஒரு படம் எடுத்துட்டு வா" என்றார்.

கப்பல் பயணம் ஒரு மணி நேரம்தான். எனக்கு அது ஒரு யுகம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நான் கடலுக்குக் காலை உணவைக் காணிக்கை செலுத்திக்கொண்டிருந்தபோது, ரஃபீக்கா பக்கத்தில் நின்று விதை கொறித்தாள். "திரும்பி வருதா சுக்ரி? எந்த ரகம்னு பாத்துச் சொல்லு" என்றாள். இரக்கமே இல்லாத பெண்பிள்ளை.

இறங்குதுறையிலிருந்து பேருந்தில் தீவின் மறுகோடிக்குப் போனோம். கடையில் பாதி தூண்டில் நரம்பும் ஆக்டோபஸ் பிடிக்கும் மண்குடங்களும், மறுபாதி நான்கு கணினிகள். நடுவில் ஜிலானி. அகன்ற தோள், சிவப்புக் குல்லாய், எந்த நேரமும் சண்டைக்குத் தயாரான முகம். நாங்கள் எந்த நிறுவனம் என்று சொன்னதுமே எழுந்துவிட்டார்.

"ஓ, கடிதம் போடாத கம்பெனி நீங்கதானா! வாங்க, வாங்க. நாலு நாளா புள்ளைங்க இந்த வாசலைத் தேய்ச்சு எடுக்குதுங்க. வரல, நாளைக்கு வா, வரல, நாளைக்கு வா. எனக்கே வெக்கமா இருக்கு."

"நாங்க போட்டோம் பெரியப்பா. உங்க பெட்டிதான் வாங்கல. நிறைஞ்சு போச்சு."

"பெட்டி நிறையுமா?" என்றார் அவர். உண்மையாகவே கேட்டார்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அத்தாயாவில் தனி வீட்டுக்குக் கடிதம் வருவது என்ற பழக்கமே இருந்ததில்லை. "ஜிலானி கடை மூலமாக" என்று உறையில் எழுதினால் போதும். கடலுக்குப் போனவன் கரைக்கு வரும்போது வாங்கிக்கொள்வான். கணினி வந்தபோதும் ஊர் அதே வழக்கத்தைத்தான் தொடர்ந்தது. ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி, ஜிலானி கடை மூலமாக. வந்ததை அவர் அச்செடுத்து மடித்து, பெயர் எழுதி வைப்பார். மோசடிக்காரனின் முகத்தைப் படம் எடுக்க வந்த நான் கைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"பழசை எல்லாம் ஏன் அழிக்கல பெரியப்பா?"

"நான் எப்படிம்மா அழிப்பேன்? அடுத்தவங்க கடிதம். கடலுக்குப் போனவன் வந்து படிக்கறதுக்கு முன்னாடி தூக்கிப் போட நான் யாரு?"

பெட்டியில் எது அதிக இடம் பிடிக்கிறது என்று ரஃபீக்கா பார்த்தாள். வெளிநாட்டில், மார்சேயில் இருக்கும் ஒரு பையனின் கல்யாண வீடியோக்கள். துண்டு துண்டாக, மேளத்தோடும் ஆட்டத்தோடும், பெட்டியில் பாதிக்கு மேல். பையனின் தாயார் பக்கத்து வீடுதான், கூப்பிட்டதும் கையில் மாவோடு வந்தாள்.

"அழிக்கறதா? என் மவன் கல்யாணத்தையா? வாயைக் கழுவு!"

"அழிக்கலம்மா. இந்தச் சின்ன பென்டிரைவ்ல எடுத்து உங்க கையிலேயே கொடுத்துடறேன். கடையில கிடக்கறதைவிட உங்ககிட்ட இருந்தா பத்திரம்."

அதற்கு அவள் சம்மதித்தாள், ஆனால் நகல் ஆகும்வரை எழுந்து போகவில்லை. ஒவ்வொரு துண்டிலும் தான் தெரிகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நகல் எடுத்தவற்றை நீக்கிப் பெட்டியில் இடம் உண்டானதும் ரஃபீக்கா மோன்ஜியின் வெட்டை நீக்கினாள், பதினோரு கடிதங்களையும் மறுபடி அனுப்பினாள். ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஜிலானி அச்செடுக்க எடுக்க, விண்ணப்ப எண்ணைத் தன் குறிப்பேட்டில் ஒப்பிட்டு, வாசலில் நின்று பெயர் சொல்லிக் கத்தினார். தெருவே ஓடி வந்தது. ஒரு பெண் செருப்பில்லாமல் வந்தாள். ஒரு பையன் வலையைக் கையில் பிடித்தபடியே வந்து, ஈரக் கையால் பொத்தானை அழுத்தி, மவுஸைப் பாழாக்கினான். ஜிலானி அவனைத் திட்டவே இல்லை. பத்துப் பேர் அழுத்தியாயிற்று.

பதினோராவது தாளை மட்டும் அவர் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முகத்தில் இருந்த சண்டை எல்லாம் போய்விட்டது.

"சபீஹா. தினமும் முதல் ஆளா வந்து நிப்பா. நேத்து நான் ஒரு கடுப்புல, வரலைன்னா வரல போன்னு சொல்லிட்டேன். இடம் கிடைக்கலைன்னு நினைச்சுட்டா. காலையில முதல் கப்பல்ல ஸ்ஃபாக்ஸ் போயிட்டா, துணி தைக்கற தொழிற்சாலையில வேலை கேட்டு. எப்பத் திரும்புவான்னு தெரியாது. இது அவளுக்கு மூணாவது தடவை. அடுத்த வருசம் வயசு தாண்டிடும், விண்ணப்பம் போடவே முடியாது."

சொல்லிக்கொண்டே மவுஸை நகர்த்தினார். "விடு, நானே அழுத்திடறேன். அவளுக்கு வேண்டாம்னா இருக்கப் போகுது?"

ரஃபீக்கா அவர் கைமேல் தன் கையை வைத்தாள். "வேண்டாம் பெரியப்பா."

"ஏம்மா, நாளைக்கு நண்பகலோட போச்சுன்னு நீதானே சொன்ன?"

"இது உங்க பெட்டியில விழுந்திருக்கு, அவ்வளவுதான். அவகிட்ட இன்னும் போய்ச் சேரல. அங்க தொழிற்சாலையில என்ன கையெழுத்துப் போட்டாளோ, மனசுல என்ன நினைச்சிருக்காளோ. அவ வாயால சொல்லட்டும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அழுத்தினால் முடிந்தது, கப்பலைப் பிடிக்கலாம். "உனக்கு எல்லாத்துலயும் ஒரு பிடிவாதம்" என்றேன். ஜிலானி சபீஹாவின் எண்ணை அழைத்தார். அணைக்கப்பட்டிருந்தது. மறுபடி அழைத்தார். அதேதான்.

"இதோ, இதுவும் திரும்பி வந்துடுச்சு" என்றேன் குத்தலாக.

"ஆள் இல்லைன்னு வரலையே. இப்போ முடியலன்னுதான் வந்திருக்கு. இதுக்குப் போய் முகவரியை வெட்டுவாங்களா? வேற வழியில மறுபடி அனுப்பணும்." பிறகு ஜிலானியிடம், "ஸ்ஃபாக்ஸ்ல இறங்கற உங்க ஊர் ஆளுங்களுக்குச் சேதி சொல்லணும்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

ஜிலானி நெற்றியில் அடித்துக்கொண்டார். ஸ்ஃபாக்ஸ் கப்பல் துறையில் காபி விற்கும் ஒருவன் இருக்கிறான், இந்தத் தீவுக்காரன். ஊர் திரும்பும் எவரும் அவன் முன்னால் போகாமல் கப்பல் ஏற முடியாது. அவனைக் கூப்பிட்டு, "சபீஹாவைப் பாத்தா கப்பல் ஏற விடாத. முதல்ல உன் போன்லேருந்து எனக்குப் பேசச் சொல்லு. ஏற விட்டேன்னா உன் காபியில உப்பைக் கொட்டுவேன்" என்றார்.

அதன்பின் காத்திருந்தோம். மார்சே மாப்பிள்ளையின் தாயார் ஆக்டோபஸ் போட்ட கூஸ்கூஸ், அதாவது எங்கள் ஊர் ரவைச் சோறு, ஒரு தட்டு கொண்டு வந்து வைத்தாள். நான் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். ரஃபீக்கா தொடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயமாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. விதை கொறிப்பதைக்கூட நிறுத்தியிருந்தாள்.

மாலைக் கப்பல் கிளம்பும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. ஜிலானி ஒலிபெருக்கியில் போட்டார்.

"என்ன பெரியப்பா, காபிக்காரர் கையைப் பிடிச்சு இழுக்கறாரு. அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. உன் கடிதம் வந்துடுச்சு புள்ள. இடம் கிடைச்சிருக்கு."

பின்னால் கப்பல் சங்கு ஊதியது. பிறகு, "பொய் சொல்லாதீங்க. நேத்து திட்டினதுக்காகச் சமாதானம் பண்றீங்க" என்றாள் சபீஹா.

ரஃபீக்கா போனை வாங்கினாள். "சபீஹா, நான் அந்தக் கடிதத்தை அனுப்பற ஆபீஸ்லேருந்து பேசறேன். தப்பு எங்க பக்கம். திங்கக்கிழமையே உனக்கு வந்திருக்கணும். விண்ணப்ப எண்ணைச் சொல்றேன், சரி பாரு." சொன்னாள். "நாளைக்கு நண்பகலுக்குள்ள உறுதி பண்ணணும். கடிதம் என் கண்ணு முன்னாடி இருக்கு. அழுத்தட்டுமா, வேண்டாமா? நீ சொல்றதுதான்."

"திங்கக்கிழமை தையல் மெஷின் முன்னாடி வந்து உக்காரச் சொல்லியிருக்காங்க அக்கா."

"சரி. அதுக்குப் போறியா?"

"நான் ஏன் போறேன்!" என்று கத்தினாள் அவள். காபிக்காரன் ஏதோ சிரிப்பது கேட்டது. "அழுத்துங்க. பெரியப்பாவை அழுத்தச் சொல்லுங்க. நல்லா அழுத்தச் சொல்லுங்க!"

ஜிலானி இரண்டு விரலையும் சேர்த்து அழுத்தினார். உறுதி செய்யப்பட்டது என்று பதில் வந்து பெட்டியில் விழும்வரை ரஃபீக்கா எழுந்திருக்கவில்லை. விழுந்ததும் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஆறிப்போன கூஸ்கூஸை வழித்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் மோன்ஜியின் மேசையில் போய் நின்றாள். "உங்க விதியை எடுத்துட்டேன். ஒரு முகவரியை வெட்டணும்னா ஏன் திரும்பி வந்துச்சுன்னு செயலி முதல்ல படிக்கும். நிறைஞ்ச பெட்டியா இருந்தா பொறுத்திருந்து திரும்ப அனுப்பும். அப்பவும் வாங்கலைன்னா சிவப்பு விளக்கு எரியும், நம்மள்ல ஒருத்தர் எழுந்து போய் என்னன்னு பாக்கணும். அனுப்பாததுக்குப் பச்சை கிடையாது." மோன்ஜி என்னைப் பார்த்தார். மோசடிக்காரன் படம் எங்கே என்று கேட்பார் போலிருந்தது. நான் கூஸ்கூஸ் தட்டின் படத்தைக் காட்டினேன். சரி, எடுத்துவிடு என்று முணுமுணுத்தார்.

இலையுதிர் காலத்தில் பயிற்சி தொடங்கிற்று. அங்கே ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு முகவரி கொடுத்தார்கள். ஒருநாள் காலையில் ரஃபீக்காவின் பெட்டியில் புதிதாக ஒரு கடிதம். அனுப்புநர் சபீஹா, வேறு யார் மூலமாகவும் இல்லை. உள்ளே ஒரே வரி.

"அக்கா, இது வந்து சேர்ந்துச்சா?"

ரஃபீக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். பிறகு "வந்து சேர்ந்துச்சு" என்று பதில் எழுதி அனுப்பினாள். அனுப்பிய கையோடு போனை எடுத்துச் சபீஹாவைக் கூப்பிட்டாள், தன் பதில் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க.